கலங்கல் பியரின் பக்குவம்

கிளாஸில் ஊற்றிய பியருக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை வரைக்கும் தெரிய வேண்டும். பியர் குடிப்பவர்களிடையே நெடுங்காலம் இது எழுதாத சட்டம். கலங்கியிருந்தால், காய்ச்சியவருக்குக் கை தேறவில்லை என்றோ சரக்கு கெட்டுவிட்டது என்றோ முடிவு கட்டிவிடுவார்கள். இந்தச் சட்டத்தைக் கவிழ்த்தது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் என்ற சின்ன மாநிலம். அங்கிருந்து பரவிய மஞ்சள் கலங்கலை இன்று ‘நியூ இங்கிலாந்து ஐ.பி.ஏ.’ (இந்தியா பேல் ஏல்) என்றும், போதை சற்றுக் குறைந்தால் ‘ஹேசி பேல் ஏல்’ என்றும் கேட்டு வாங்குகிறார்கள். 2018இல் அமெரிக்க பியர் தயாரிப்பாளர் சங்கம் தன் வகைப் பட்டியலில் இதற்குத் தனி இடமே கொடுத்துவிட்டது. ஆனால் இதைக் கடையில் வாங்கிக் குடிப்பவரைவிட வீட்டில் காய்ச்சிக் குடிப்பவரே இதன் ருசியை முழுதாக அறிவார் என்பது என் கட்சி.

வீட்டுக்காரர்களுக்கும் இந்தப் பியருக்கும் உறவு தொடக்கத்திலிருந்தே உண்டு. பர்லிங்டன் நகரில் 1988இல் ‘வெர்மான்ட் பப் அண்ட் புரூவரி’யைத் தொடங்கிய கிரெக் நூனன், வீட்டில் காய்ச்சுபவர்கள் வேதமாகப் படித்த ஒரு புத்தகத்தை எழுதியவர். அவரிடம் வேலை கற்ற ஜான் கிம்மிச், மனைவி ஜென்னோடு 2003இல் வாட்டர்பரி என்ற சிற்றூரில் ‘தி ஆல்கெமிஸ்ட்’ பப்பைத் திறந்தார். நூனனின் ஈஸ்ட் கிம்மிச்சின் கைக்கு வந்தது. அதில் நொதித்ததுதான் ‘ஹெடி டாப்பர்’. 8 சதவீத ஆல்கஹால், வடிகட்டாத பியர். 2011 ஆகஸ்ட் கடைசியில் ஐரீன் புயல் வெள்ளம் பப்பை மூழ்கடித்தது. அதற்கு அடுத்த சில நாட்களிலேயே, அதே ஊரில் அவர்கள் நிறுவியிருந்த சிறு ஆலையிலிருந்து முதல் கேன்கள் வெளிவந்தன.

வடிகட்டாத கேனின் அடியில் ஈஸ்ட் தங்கும். வீட்டில் காய்ச்சுபவர்கள் பியரைக் குடித்துவிட்டு வண்டலைப் பத்திரப்படுத்தினார்கள். நீர்த்த மால்ட் (முளைகட்டிய பார்லி) கரைசலில் அதை வளர்த்துத் தங்கள் வாளிகளில் விட்டார்கள். ‘கோனன்’ என்று அறியப்படும் அந்த ஈஸ்ட்டைக் கம்பெனிகளும் பின்னால் விற்கத் தொடங்கின. பீச் பழ வாசனையை மெல்ல விடும் ஈஸ்ட் அது.

இப்படி வாளி வைத்துக் காய்ச்சுவது அமெரிக்காவிலும் வெகுகாலம் சட்ட விரோதம்தான். 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்கு விலக்குக் கிடைத்தது, பியருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் கதவைத் திறந்தது. வயதுவந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவர் உள்ள வீட்டுக்கு 200 கேலன் என்பது அளவு, விற்கக் கூடாது. மிசிசிப்பியும் அலபாமாவும் சம்மதிக்க 2013 ஆயிற்று. தமிழ்நாட்டில் இது இன்றும் குற்றம். ஆகவே இங்கே நான் சொல்வதைச் செய்முறையாக அல்ல, ரசனையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு அளவு என்பது பெரும்பாலும் 19 லிட்டர். அதற்கு பேல் மால்ட் 3.7 கிலோ, ஓட்ஸ் அவல் 700 கிராம், கோதுமை அரை கிலோ. 67 டிகிரி வெந்நீரில் இவற்றை ஒரு மணி நேரம் ஊறவிட்டால் மாவுச்சத்து இனிப்பாகிவிடும். ஓட்ஸும் கோதுமையும் கொண்டுவரும் புரதம், ஹாப்ஸ் பூவின் துவர்ப்புச் சத்தோடு பிணைந்து அடியில் படியாமல் மிதக்கிறது. கலங்கலின் ரகசியம் அவ்வளவுதான். வேறு வழிகளிலும் கலங்கலை வரவழைக்கலாம். கோதுமை மாவைக் கரைத்து ஊற்றியவர்களும் உண்டு. பார்வைக்கு அது சரியாக இருக்கும், நாக்கில் வெறும் கனம். கலங்கல் இந்தப் பியரின் விளைவு, அதுவே இலக்கு அல்ல. இலக்கு ஹாப்ஸின் வாசனை.

தண்ணீரிலேயே அதற்கான ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அதன் சல்ஃபேட் கசப்பைக் கூராக்கும். பழைய ஐ.பி.ஏ.யின் விறைப்பு அந்தத் தண்ணீர் தந்தது. கலங்கல் பியருக்கு இது தலைகீழ்: லிட்டருக்குக் குளோரைடு 150 மில்லிகிராம் என்றால் சல்ஃபேட் அதில் பாதி. நாக்கில் வழவழப்பு கூடி, கசப்பு பின்னால் ஒதுங்கிக்கொள்ளும்.

ஹாப்ஸ் பாக்கெட்டைக் கத்தரிப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த கட்டம். உள்ளே விரற்கடை நீளத்தில் பச்சைப் பெல்லட்டுகள். இரண்டை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்தித் தேய்த்தால், பொடிந்து சூடேறி, மஞ்சள் பிசுக்கு ரேகைகளில் ஒட்டும். அதுதான் லுபுலின். ஹாப்ஸ் கொடியின் பூவிதழ்களுக்கு அடியில் சுரக்கும் பிசின். கசப்பும் வாசனையும் குடியிருப்பது அதில்தான். சிட்ரா வகையானால் பம்ப்ளிமாஸ், லிச்சி, பழுத்த மாம்பழம். 2012இல் சந்தைக்கு வந்த மொசைக் வகை இன்னும் சிக்கலானது: பெர்ரிப் பழமும் பைன் மரமும் முன்னே நிற்க, சில அறுவடைகளில் வெங்காய வாடை எட்டிப் பார்க்கும். கைக்கு வெங்காயம் அடித்தால் கிளாஸிலும் அடிக்கும். தேய்த்துப் பார்க்காமல் ஹாப்ஸ் போடுபவரை நான் நம்புவதில்லை.

கொதிக்கும்போது ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகின்றன. வாசனை எண்ணெய்களோ ஆவியோடு போய்விடும். சமையலறை முழுக்க மணக்கிறதே என்று மகிழ ஒன்றுமில்லை. அந்த மணம் பியரைவிட்டுக் கழன்றுபோன மணம். அதனால் கலங்கல் பியருக்குக் கொதியில் ஏறக்குறைய ஒன்றுமே போடுவதில்லை. அடுப்பை அணைத்து, 77 டிகிரிக்கு ஆறவிட்டு, அதன்பின் 80 கிராம் போட்டுக் கலக்கி 20 நிமிடம் மூடிவைப்பது வழக்கம். அந்தச் சூட்டில் கசப்பு மெதுவாகத்தான் இறங்கும், எண்ணெய் தங்கிவிடும். நுரை கட்டியதும் ரசத்தை இறக்கத் தெரிந்த கைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தவணை, நொதித்து முடிந்து ஈஸ்ட் அடங்கிய பிறகு, குளிர்ந்த பியரிலேயே. ‘டிரை ஹாப்’ என்பது இதுதான். இங்கே பலருக்குக் கை நீண்டுவிடும். அதிகம் போட்டால் அதிகம் மணக்கும் என்பது ஓர் அளவு வரைதான் உண்மை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் லாஃபொன்டெய்னும் தாமஸ் ஷெல்ஹேமரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் பழ வாசனை அந்த விகிதத்தில் கூடுவதில்லை, இலையும் தேயிலையும் போன்ற வாடையே முன்னால் வருகிறது. 19 லிட்டருக்கு 150 கிராம் என்பது ஏறத்தாழ அந்த எல்லைக்கோடு. அங்கே கையை நிறுத்துபவரே தேர்ந்தவர்.

இதுவரை செய்ததையெல்லாம் ஒரு நிமிடத்தில் பாழாக்கக் கூடியது காற்று. இவ்வளவு ஹாப்ஸ் ஏறிய பியரில் ஆக்சிஜன் பட்டால் மஞ்சள் நிறம் சாம்பலாகிப் பழுப்புக்குத் திரும்பும். மாம்பழம் மறைந்து, திகட்டும் இனிப்பும் நனைந்த அட்டை வாடையும் வந்து உட்காரும். அதனால் கெக் என்ற உலோகப் பீப்பாயைக் கிருமிநாசினி நீரால் விளிம்பு வரை நிரப்பி, கார்பன் டை ஆக்சைடை மேலிருந்து செலுத்தி அந்த நீர் முழுவதையும் வெளியே தள்ளுகிறார்கள். காற்று நுழைய இடமில்லாத அந்தக் கெக்குக்குள் பியர் குழாய் வழியே சத்தமின்றி இறங்கும். மூடியைத் திறந்து ஊற்றிய காலம் போய்விட்டது. பார்க்க ஒன்றுமில்லாத இந்தக் காரியத்தில்தான் வீட்டுக்காரரின் தரம் தெரியும்.

கெக்கில் அடைத்த அன்றே குடித்தாலும் சரிவராது. மிதக்கும் ஹாப்ஸ் துகள் தொண்டையைப் பிறாண்டும். குளிரில் பத்துப் பதினைந்து நாள் போனால் துகள் படிந்து, வாசனையும் வழவழப்பும் ஒன்றோடொன்று இசைந்துவிடும். அதன்பின் நான்கு வாரம் உச்சம், பிறகு சரிவுதான். நல்ல நாளில் ஊற்றிய கிளாஸில் வெள்ளை நுரைக்குக் கீழே, உள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோன்ற மஞ்சள். மூக்கருகே கொண்டுபோகும்போது பழம்; முதல் வாயில் ஓட்ஸின் மென்மை; விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்து, இனிப்பைத் துடைத்துவிட்டுப் போகும். அந்தக் கடைசித் துடைப்பு இல்லையென்றால் அது ஜூஸ், பியர் அல்ல.

ஐ.பி.ஏ. என்ற பெயருக்குக் காரணமான, அந்நாளில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்ட பேல் ஏல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம் செய்து, சென்னையிலும் கல்கத்தாவிலும் இறங்கியபோது குடிக்கத்தக்கதாக இருந்தது. ஹாப்ஸை அள்ளிப் போட்டது அந்தப் பயணத்துக்காக. அதன் வழிவந்த கலங்கல் பியர் அதைவிட அதிகமாக ஹாப்ஸ் போட்டும் சில வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை. லாரியிலும் கிடங்கிலும் கடை அலமாரியிலும் கழியும் நாட்கள் அதன் ஆயுளிலிருந்தே கழிகின்றன. கெக்குக்கும் கிளாஸுக்கும் பத்தடி தூரம் மட்டுமே உள்ள இடம் வீடு. அதனால்தான் இதை வீட்டுப் பியர் என்கிறேன்.

வெளிநாட்டில் நண்பர் யாராவது தாம் காய்ச்சிய கலங்கல் பியரை நீட்டினால், என்ன ஹாப்ஸ் என்று கேட்பதற்கு முன் கெக்கில் அடைத்த தேதியைக் கேளுங்கள். மூன்று, நான்கு வாரம் என்றால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் என்றால், நன்றி சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்பதே உத்தமம்.