சாந்து பூசுமுன் எடுக்கவேண்டிய முடிவு

தம்பலகாமத்தில், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் ஓரமாக ஒரு புது வீடு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்த் தாங்கியின் மட்டம், கிணற்று மோட்டர், நெற்களஞ்சியத்தின் ஈரப்பதம், விளக்குகள் எல்லாவற்றையும் உணரிகள் கவனிக்க வேண்டும். சுவருக்குள் எந்தக் கேபிளை இழுப்பது? வயர்லெஸ் போதும் என்பவர்களின் பேச்சு எனக்கு ஏற்புடையதல்ல. ஒவ்வொரு உணரிக்கும் பற்றரி மாற்றிக்கொண்டிருக்கும் வீடு, சில ஆண்டுகளில் உணரிகளைக் கைவிட்டுவிடும்.

கட்டடக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேஎன்எக்ஸ் முறையின் பச்சைக் கேபிள் உயர்ந்த தரமானது. ஒரு பிரிவில் 1,000 மீட்டர் வரை இழுக்கலாம்; வளையமாக மூடாதவரை விரும்பியபடி கிளை பிரிக்கலாம். 4,000 வோல்ட்டில் சோதிக்கப்படுவதால் 230 வோல்ட் வயரின் பக்கத்திலும் போகலாம். எல்லா வயரையும் ஒரே காடியில் திணிக்கும் இடத்தில் இது பெரிய காப்பு. ஆனால் கருவிகளின் விலை அதிகம். ஒரு ஆளியின் வேலையை மாற்றவும் அதற்குரிய மென்பொருளும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். ஒரு குடும்ப வீட்டுக்கு இந்தச் சார்பு நல்லதல்ல.

ஆர்எஸ்-485 என்ற தரவு இணைப்பு முறை மலிவானது, வேகம் குறைவாக இருந்தால் 1,200 மீட்டர் ஓடும். அதைச் சங்கிலியாகவே இழுக்க வேண்டும், இரு முனையிலும் 120 ஓம் தடை வைக்க வேண்டும். நடுவில் ஓர் இணைப்பு அறுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் ஊமை. பூச்சுக்குள் அந்த அறுந்த இடத்தை யார் தேடுவது?

கணினி வலையமைப்புக்கான கேட் 6 கேபிளை ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரே பெட்டிக்கு இழுத்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது. அதன் நான்கு சோடிகளில் ஒன்றால் ஆர்எஸ்-485 சமிக்ஞை போய், இன்னொன்றால் பெட்டிக்குத் திரும்பலாம். பார்வைக்கு நட்சத்திரம், மின்னோட்டத்துக்குச் சங்கிலி. பழுதான கிளையைப் பெட்டியிலேயே கழற்றிவிடலாம். நீளம் இரட்டிப்பாகும், வீட்டளவில் அது பொருட்டல்ல.

குறையும் உண்டு. கம்பியின் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். 40 மீட்டருக்கு அப்பால் உள்ள வால்வுக்கு ஒரு சோடியில் 12 வோல்ட், அரை அம்பியர் அனுப்பினால், போக வர ஏறத்தாழ 6.7 ஓம் தடையில் 3 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். வால்வு திறக்காமல் போகலாம். எனவே சுமையுள்ள கருவிக்குத் தனித் தடித்த வயர் வேண்டும். அதைவிட மோசமானது செப்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள்: தடை ஒன்றரை மடங்குக்கும் மேல், முறிவதும் எளிது. கேபிள் வரும் அட்டைப்பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும், கம்பியைச் சுரண்டி உள்ளே வெள்ளையா என்று பார்த்துவிட்டே காசு கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே என் தீர்ப்பு மாறுகிறது. இலங்கையில் இடிமின்னல் மிகுவது மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும். திறந்த வயல்வெளியில் மின்னல் விழும்போது வீட்டு நிலத்துக்கும் கிணற்றடி நிலத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு எழலாம். சாதாரண ஆர்எஸ்-485 சில்லு தாங்குவதோ −7 முதல் +12 வோல்ட் வரைதான். செப்புக் கேபிள் அந்த இரு இடங்களையும் இணைத்தால் பெட்டி முழுவதும் எரியக்கூடும். உலோகக் கவசமில்லாத ஒளியிழை அந்த வழியை மூடிவிடும். அதன் மறுமுனைக் கருவிக்கு அங்கேயே மின்சாரம் வேண்டும், மோட்டர் உள்ள இடத்தில் அது இருக்கிறது. மெயின் வயர் வழி வரும் அதிர்ச்சிக்கு இரு இடத்திலும் தனி மின்னல் காப்பு அவசியம்.

ஆகவே வீட்டுக்குள் முழுச்செப்புக் கேட் 6, 230 வோல்ட் வயரிலிருந்து விலக்கித் தனிக் குழாயில். கிணற்றுக்கும் களஞ்சியத்துக்கும் ஒளியிழை. குழாயை ஓரளவு அகலமாகப் போட்டு உள்ளே ஒரு இழுகயிறும் விட்டுவைக்க வேண்டும்.