மலைத்தெய்வத்தின் மீது பழி

எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்று இன்று பல்கலைக்கழகத்திற் கற்கும் மாணவர் சிலர், அண்மையில் விடுமுறைக்கு ஊர் வந்தபோது நாவலொன்றைக் கொணர்ந்து தந்தனர். பயங்கரவாதத்தையும் போதைப்பொருள் வணிகத்தையும் ஒரே பாடமாகக் கற்பிக்கும் வகுப்பொன்றில், துணைநூலாக அவர்களுக்கு விதந்துரைக்கப்பட்ட நூல் அது. பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வார்கஸ் லோசா 1993இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்டு, ஆங்கிலத்தில் 'அந்தீஸில் மரணம்' எனப் பெயர்பெற்ற நாவல். "கொலைகள் மனதில் நிற்கின்றன, சேர், காரணந்தான் விளங்கவில்லை" என்றார் அவர்களுள் ஒரு மாணவி. அவர் குறை கூறியது தம் அறிவை. நாம் குறை காண்பது நாவலிலும், அதைக் கற்பித்த முறையிலுமே.

நாவலின் களம் நாக்கோஸ் எனும் மலைக் குடியிருப்பு. சுரங்கம் கைவிடப்பட்ட அவ்விடத்தில் நெடுஞ்சாலை அமைக்கும் வேலை நடைபெறுகின்றது. மூவர் காணாமற் போகின்றனர். கரையோரத்திலிருந்து கடமைக்கு வந்த கோப்ரல் லிட்டூமா துப்புத் துலக்குகிறார். 'ஒளிரும் பாதை' இயக்கத்தினரே கொன்றிருப்பர் என ஐயுறுகிறார். முடிவில் வெளிப்படுவது வேறொன்று: மலைத்தெய்வங்களின் சினந்தணிக்க வேலையாளரே அம்மூவரையும் நரபலியிட்டு, ஊனையும் உண்டுள்ளனர். இதனூடே, லிட்டூமாவின் உதவியாளன் தொமாஸ் இரவுதோறும் தன் காதற்கதையைக் கூறுகிறான். திங்கோ மரியா நகரில் போதைப்பொருள் வணிகன் ஒருவனுக்குக் காவல் நின்ற அவன், அவ்வணிகன் ஒரு பெண்ணை வதைப்பதைப் பொறாது அவனைச் சுட்டுக்கொன்று, அவளுடன் தப்பியோடிய கதை அது.

ஆசிரியரின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. விக்கூனா எனும் மலைவிலங்குகளைக் காத்துவரும் ஊமையனின் கண்முன்னே ஆயுதந்தாங்கியோர் அவற்றைக் கொன்றுகுவிக்கும் பகுதியை வாசித்தவர் எளிதில் மறவார். இருளில் ஒரு சிறு காவற்கொட்டிலில் இருவர் சாவை எதிர்பார்த்திருக்கும் அச்சமும் மெய்யானது. ஆயின், அச்சத்தை உணர்த்துதல் வேறு. அச்சத்தின் காரணத்தை உணர்த்துதல் வேறு. வகுப்பறைக்கு வரும் நூலிடம் நாம் இரண்டாவதையும் எதிர்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

காரணங்கள் அறிய முடியாதவையல்ல. அயகூச்சோ நகரிலுள்ள உவாமாங்கா பல்கலைக்கழகம் நெடுங்காலம் மூடப்பட்டிருந்து 1959இல் மீளத் திறக்கப்பட்டது. ஏழைக் கமக்காரரின் பிள்ளைகள் அங்கு திரண்டனர். பலர் ஆசிரியப் பயிற்சி பெற்றுக் கிராமப் பாடசாலைகளுக்குச் சென்றனர். 1962இல் மெய்யியல் கற்பிக்க அங்கு வந்தவர் அபிமாயெல் குஸ்மான். அவர் நிறுவிய இயக்கமே 'ஒளிரும் பாதை'. கல்வி கிட்டியும் வாழ்வு கிட்டாத இளைஞருக்கு அவர் வினாக்களைக் கற்பிக்கவில்லை. ஐயத்துக்கு இடமற்ற விடைகளையே கற்பித்தார். 1980 மே 17இல் சூஸ்கி எனும் ஊரில் வாக்குப் பெட்டிகளை எரித்துப் போர் தொடங்கிற்று. மக்களுக்காகத் தொடங்கிய போர் என்றனர். ஆனால் 1983 ஏப்பிரல் 3இல் லூகானமார்க்காவில் அவ்வியக்கத்தினர் வெட்டியும் சுட்டும் கொன்ற 69 பேரும் கமக்காரக் குடும்பத்தினரே. அவர்களுட் குழந்தைகளும் இருந்தனர். இதனை மறைத்துப் பேசும் முற்போக்கு, முற்போக்கன்று.

அரசபடையும் அதே மக்களைக் கொன்றது. 2003இல் அறிக்கை வெளியிட்ட உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, மாண்டோரும் காணாமற் போனோரும் 69,280 பேர் என மதிப்பிட்டது. அவருள் நால்வருக்கு மூவர் கெச்சுவா முதலான பூர்வீக மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர்.

போதைப்பொருள் இதனுள் நுழைந்த வழியும் தெளிவானதே. கோக்கா இலை அந்தீஸ் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மென்றுவந்த இலை. அதிலிருந்து கொக்கெயினை 1860ஆம் ஆண்டளவிற் பிரித்தெடுத்தது ஐரோப்பிய ஆய்வுகூடம். ஜனாதிபதி பெலாவுண்டே 1960களில் காட்டை ஊடறுத்துப் பெருந்தெரு அமைத்து, நிலமற்றோரை மேல் உவல்லாகா பள்ளத்தாக்கிற் குடியேற ஊக்கினார். குடியேறியோரின் விளைபொருள்கள் சந்தைக்குச் சென்று சேர்ந்தபோது கூலிக்கும் கட்டவில்லை. கோக்காவை வாங்க மட்டும் வணிகன் வீட்டு வாசலுக்கே வந்தான். வட அமெரிக்க நகரங்களிற் கொக்கெயின் மோகம் பெருகப் பெருக, பள்ளத்தாக்கிற் கோக்காவும் பெருகிற்று. பயிரை அழிக்கப் பொலிஸார் வந்தபோது, கமக்காரருக்குக் காவலர் எனச் சொல்லிக்கொண்டு 'ஒளிரும் பாதை'யினர் வந்தனர். வணிகரிடம் இலைக்குக் கூடிய விலை கேட்டனர். கொலம்பியாவுக்குச் சரக்கேற்றும் சிறு விமானங்களிடம் வரி வாங்கினர். இராணுவ அதிகாரிகள் சிலரும் அவ்விமானத் தளங்களிற் கையூட்டுப் பெற்றனர்.

அதே பெலாவுண்டே இரண்டாம் முறை ஆட்சி செய்தபோது, 1983இல், 'போதைப் பயங்கரவாதம்' எனும் கூட்டுச்சொல்லை வழங்கினார் என்பர். அன்று தெரு வெட்டியவரே பின்னர் பெயரும் சூட்டினார். அச்சொல்லில் ஆயுததாரி உண்டு, வணிகன் உண்டு. நிலமற்ற குடியேற்றவாசி இல்லை, வாங்கி நுகர்வோன் இல்லை, கையூட்டுப் பெற்ற அதிகாரி இல்லை.

இனி நாவலுக்கு மீள்வோம். அச்சொல் விடுத்த இடைவெளியை நாவல் நிரப்புகிறதா? இல்லை. திங்கோ மரியா உவல்லாகா பள்ளத்தாக்கின் வாயில். ஆயினும் கோக்கா பயிரிடும் ஒரு குடும்பத்தின் வாழ்வையேனும் நாவல் ஊன்றிக் காட்டவில்லை. வணிகன் சுடப்படுவதற்கென்றே தோன்றும் கொடியவன். அவன் இறந்ததும் வணிகமும் கதையிலிருந்து மறைந்து, காதல் மட்டும் எஞ்சுகின்றது. மலைமக்களோ வாய்திறவா முகங்கள். லிட்டூமாவுக்குக் கெச்சுவா தெரியாது. அது பாத்திரத்தின் குறை, அதை நாம் ஏற்கலாம். ஆனால் பாத்திரம் அறியாததை அறியவேண்டியவன் ஆசிரியன். அவரோ மதுக்கடைக்காரனுக்குத் தியோனிசியோ எனப் பெயரிட்டு, கிரேக்கப் புராணத்தின் மதுவெறித் தெய்வத்தை அந்தீஸில் ஏற்றுகிறார். கொடுமை ஆதிமனிதனின் இயல்பு எனக் கதை முடிகின்றது. காலங்கடந்த கொடுமைக்குக் காலத்தினுட் பொறுப்பாளர் எவருமில்லை. பழியெல்லாம் மலைத்தெய்வத்தின் மீது!

இது தற்செயலன்று. 1983 ஜனவரியில் உச்சுராக்காய் எனும் மலையூரில் பத்திரிகையாளர் எண்மர் கொல்லப்பட்டனர். அதனை விசாரித்த அரச ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வார்கஸ் லோசா. ஊரவர் அவர்களை ஆயுததாரிகளென மயங்கிக் கொன்றனர் எனக் கூறிய அவ்வறிக்கை, அம்மக்களின் பழமைப் பண்பாட்டையும் நவீன பெருவிலிருந்து அவர்கள் விலகி நிற்பதையும் பெரிதும் வலியுறுத்திற்று. அவ்வறிக்கையிற் கருக்கொண்ட பார்வையே பத்தாண்டின் பின் நாவலிற் பேருருக் கொண்டது என்பது எம் துணிபு. அவ்வூரவருட் பலர் பின்னர் கொல்லப்பட, ஊரே வெறிச்சோடிற்று. தெய்வங்களை நன்கு கற்ற ஆசிரியர், அம்மக்களைத் தம் காலத்து மனிதராகக் கற்றிருக்கலாகாதா?

இது வெறும் இலக்கியப் பிணக்கு எனக் கருதுவோர், லா கன்டூட்டாவை நினைக்க வேண்டும். லீமா நகரின் அருகே ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அது. 1992 ஜூலை 16இல் 'ஒளிரும் பாதை'யினர் லீமாவில் வெடித்த கார்க்குண்டு குடியிருந்தோரைக் கொன்றது. இரண்டு நாளில், விடியுமுன், இராணுவத்தின் இரகசியக் கொலைக்குழு அப்பல்கலைக்கழகத்துட் புகுந்து ஒன்பது மாணவரையும் ஒரு பேராசிரியரையும் இழுத்துச் சென்று கொன்று புதைத்தது. 'பயங்கரவாதி' எனும் ஒரு சொல் அதற்குப் போதுமாயிருந்தது. இக்குற்றத்துக்கும் பிறவற்றுக்குமாக, முன்னாள் ஜனாதிபதி புஜிமோரிக்கு 2009இல் 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1979இலிருந்து அச்சொல்லைச் சட்டமாகவே அறிந்த எம் நாட்டு வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே, இந்நாவலைப் பாடத்திலிருந்து நீக்குக என நாம் கூறவில்லை. தனியே கற்பிக்காதீர் என்கிறோம். ஆணைக்குழு பதிந்த சாட்சியங்களோடும், கோக்காவின் விலை வரலாற்றோடும், கெச்சுவா மொழியிலேயே வளர்ந்து அம்மக்களை உள்ளிருந்து எழுதிய ஹொசே மரியா ஆர்கேடஸின் படைப்புகளோடும் சேர்த்துக் கற்பியுங்கள். குஸ்மானின் வகுப்பறையில் விடைகள் மட்டுமே இருந்தன. ஆட்சியாளரின் அகராதியில் ஒரு சொல் மட்டுமே இருந்தது. இரண்டும் கொன்றது வினவக் கற்றிருக்க வேண்டிய இளைஞரையே.

அம்மாணவியிடம் நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, காரணம் விளங்காமை அவர் குற்றமன்று என்றோம். "அப்படியாயின் இலையை விற்றவர்கள் எங்கே, சேர்?" என்று கேட்டார். அக்கேள்வியை விரிவுரை மண்டபத்திலும் கேட்குமாறு கூறி அனுப்பினோம்.