ஒரு கைப்பிடி இரை போதும்: மெத்தட் ஃபீடர் எப்படி?

இங்கிலாந்தின் தூண்டில் கடைகளில் கெண்டைக்கான இரை மட்டுமே ஒரு சுவரை அடைத்துக்கொண்டிருக்கும். ஸ்ட்ராபெரி, அன்னாசி, கணவாய், ஈரல், பூண்டு, மிளகாய் என்று மணத்துக்கு ஒரு பாக்கெட், நிறத்துக்கு ஒரு டப்பா. அதே கடையின் ஒரு மூலையில், சின்ன அட்டையில் கோத்து, சில பவுண்டு விலைக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு தொங்கும். அதுதான் மெத்தட் ஃபீடர். கெண்டைக்கு எதைப் போடலாம் என்ற கேள்விக்குச் சுவர் முழுக்கப் பதில் இருக்கிறது. எவ்வளவு போடலாம், முள்ளுக்கு எவ்வளவு பக்கத்தில் போடலாம் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அந்தத் தட்டு. இந்த இரண்டாவது கேள்விதான் பெரியது என்பது என் கட்சி. கருவியை மதிப்பிடுவதும் அந்தக் கட்சியை நிறுவுவதும் இங்கே ஒரே வேலைதான்.

கருவியில் நுணுக்கம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் நீள்வட்டத் தட்டு, அடியில் பதித்த உலோகக் கனம், மேலே இரையைப் பிடித்துக்கொள்ள வரிசையாகச் சில தடுப்புகள். நடுக்குழாய் வழியே தூண்டில் நரம்பு ஓடுகிறது. பெரும்பாலும் 15 கிராமிலிருந்து 45 கிராம் வரையான எடைகளில் கிடைக்கிறது. கனம் அடியில் இருப்பதால் தண்ணீரில் எப்படி விழுந்தாலும் தட்டு கீழேயும் இரை மேலேயுமாகத்தான் தரையில் உட்காரும். தட்டின் வால்பக்கத்தில் சுமார் 10 செ.மீ. நீளமுள்ள முள் நரம்பு. கூடவே ஒரு ரப்பர் அச்சு வருகிறது. முள்ளில் கோத்த இரையை முதலில் அச்சின் அடியில் வைத்து, அதன்மேல் நனைத்த பெல்லட்டை, அதாவது சிறு தீவன மணிகளை, நிரப்பி, ஃபீடரைக் கவிழ்த்து அழுத்தி, அச்சின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தள்ளினால் வழவழப்பான மேடு ஒன்று தட்டோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும். முள்ளிரை அந்த மேட்டின் உச்சியில் இருக்கும்.

கருவி வேலை செய்கிறதா இல்லையா என்பதில் பாதி, பெல்லட்டை நனைக்கும் பக்குவத்தில் இருக்கிறது. 2 மி.மீ. பெல்லட்டை மூழ்கும் அளவு தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்துவிட்டு, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். புட்டு மாவுக்குப் பார்க்கும் அதே பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும். அழுத்திய ஃபீடரை உள்ளே இறக்கிப் பார்க்கலாம். சரியான பதத்தில், தரையைத் தொட்ட சற்று நேரத்தில் ஓரங்கள் விரியத் தொடங்கும். சில நிமிடங்களில் மேடு சரிந்து, முள்ளிரை அந்தச் சிதறலின் நடுவே தெரியும். தண்ணீர் கூடிப்போனால் பெல்லட் களியாகித் தட்டிலேயே ஒட்டிக்கொண்டு முள்ளையும் தனக்குள் புதைத்துவிடும். குறைந்துபோனால் தண்ணீரில் விழும் அதிர்ச்சியிலேயே கலைந்து, மூன்று மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேரும்போது இரை ஓரிடம், முள் ஓரிடம் என்றாகிவிடும். எத்தனை உயர்ந்த சரக்கு வாங்கியிருந்தாலும் அது பிறகு வீண். பாக்கெட்டில் எழுதியிருக்கும் மணத்தைப் பார்த்து யோசிக்கும் நேரத்தில் பாதியை இந்த வாளிச் சோதனைக்குக் கொடுக்கலாம்.

இரையைவிட இடம் முக்கியம் என்பதற்குக் காரணம் மீனின் வாயில் இருக்கிறது. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, இரைப்பையும் கிடையாது. உதட்டைக் குழாய் போல முன்னே நீட்டி, தரையில் கிடப்பதைச் சேறும் மணலுமாக உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வாய்க்குள்ளேதான் பிரிக்கும் வேலை நடக்கிறது. மேலண்ணத்தில் சுவைமொட்டுகள் நிறைந்த தசைமேடு ஒன்று உண்டு. தின்னத்தக்கது எங்கே படுகிறதோ அங்கே அந்த மேடு புடைத்து அழுத்திப் பிடிக்கும். மிச்சம் செவுள் வழியாகவோ வாய் வழியாகவோ வெளியேறிவிடும். பிடிபட்டது தொண்டைப் பற்களுக்குப் போய் அரைபடும். நெதர்லாந்தின் வாகனிங்கனில் ஆய்வாளர் சிப்பிங்கும் அவர் குழுவினரும் 1980களில் இந்த இயக்கத்தை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். துப்புவதில் இவ்வளவு தேர்ந்த ஒரு மீனுக்குத் தனியே கிடக்கும் ஒற்றை உருண்டையைக் கொடுத்தால், அது அந்த உருண்டையை மட்டும் சோதிக்கும். கூடவே வரும் இரும்பை உணர்ந்து உமிழ்ந்துவிடும். அதே உருண்டை நூற்றுக்கணக்கான சிறு பெல்லட்டுகளின் நடுவே இருந்தால் நிலைமை வேறு. மீன் தலையைக் கவிழ்த்து, இருந்த இடத்திலேயே வாய் வாயாக உறிஞ்சும். ஒவ்வொன்றையும் எடைபோட நேரம் இல்லை. தலையைத் தூக்கும்போது 10 செ.மீ. நரம்பு விறைக்கும், 30 கிராம் கனம் முள்ளைப் பதித்துவிடும். இரையை நாலா பக்கமும் வாரி இறைக்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். மீன் மேய்ந்துகொண்டே நகரும். முள் இருக்கும் சாண் இடத்துக்கு அது வந்து சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கெண்டைத் தூண்டிலின் வரலாறும் இந்தப் பக்கமே சாய்கிறது. ஹெர்ஃபர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் 1952இல் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்துப் பிரிட்டனின் சாதனையை மாற்றி எழுதினார். முள்ளில் இருந்தது ரொட்டி. அதே குளத்தில் 1980 ஜூனில் கிறிஸ் யேட்ஸ் பிடித்த மீன் ஐம்பத்தொன்றரை பவுண்டு, அதாவது 23 கிலோவுக்கும் மேல். முள்ளில் இருந்தது டப்பாவில் வரும் மக்காச்சோளம். இந்த இரண்டுக்கும் நடுவே, 1970களின் பிற்பகுதியில், லென்னி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் தொட்டியில் விட்ட கெண்டைகள் முள்ளிரையை எப்படி உமிழ்கின்றன என்று கவனித்து, இரையை முள்ளில் குத்தாமல் முள்ளிலிருந்து தொங்கும் ஒரு மயிரிழையில் கட்டிப் பார்த்தார்கள். முதலில் உண்மையிலேயே தலைமுடிதான். 1981இல் மேடக்ஸின் ‘கார்ப் ஃபீவர்’ புத்தகம் அந்த முறையை ஊரறியச் செய்தது. அதற்குப் பின் கெண்டை பிடிப்பதே தலைகீழாக மாறிப்போனது. இந்த மாற்றத்தில் புதிய மணமோ புதிய மாவோ இல்லை. இரை வாய்க்குள் எப்படி நுழைகிறது என்பது மட்டுமே மாறியது. அன்றைய ரெட்மயர் மீன்கள் தூண்டிலை அதிகம் அறியாதவை, ரொட்டிக்கும் சோளத்துக்கும் மசிந்தன, இன்று அப்படியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு மீனை வைத்துச் சோளமே சிறந்த இரை என்று யாரும் நிறுவ முடியாது. மணமூட்டாத சாதாரண இரையும் உரிய இடத்தில் கிடந்தால் போதும் என்ற அளவுக்கு மட்டும் அவை சாட்சி.

இதைவிட வலுவான மறுப்பு இங்கிலாந்தின் கெண்டைத் தூண்டில்காரர் ஃபிரெட் வில்டனிடமிருந்து வருகிறது. உயர்ந்த ஊட்டச்சத்துள்ள இரையைத் தொடர்ந்து கொடுத்தால் கெண்டை அதை நல்ல உணவாக அடையாளம் கண்டு, மற்றதை ஒதுக்கிவிட்டு அதையே நாடும் என்றார் அவர். இன்று சுவரை நிறைக்கும் பாய்லிகள், அதாவது முட்டையில் பிசைந்து வேகவைத்த மாவுருண்டைகள், அந்த வழி வந்தவை. பாய்லியைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெரிய ஏரியில் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் இரை போட்டு ஒன்றிரண்டு பெரிய மீனுக்காகக் காத்திருப்பவருக்கு அதுவே சரி. அதன் கெட்டியான தோலும் 15, 18 மி.மீ. பருமனும் சிறுமீன் கடிக்காமல் காக்கின்றன. மீசைகளிலும் உதட்டிலும் சுவைமொட்டு உள்ள மீனுக்குத் தண்ணீரில் கரைந்து வரும் அமினோ அமிலங்கள் ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னால் அது அபத்தம். ஆனால் வில்டனின் வாதத்தில் ‘தொடர்ந்து கொடுத்தால்’ என்ற நிபந்தனையைக் கடைச் சுவர் சொல்வதில்லை. அவர் முறையில் பாதி சத்து, மறுபாதி ஊட்டும் ஒழுங்கு. சனிக்கிழமை காலை ஒரு பாக்கெட் வாங்கி மாலையில் வீடு திரும்புகிறவர் அந்த முதல் பாதிக்கு மட்டும் காசு கொடுக்கிறார்.

மீன் கற்றுக்கொள்ளாதா என்பது அடுத்த கேள்வி. கற்றுக்கொள்ளும். ஒரே ஒரு முறை முள்ளில் மாட்டித் தப்பிய கெண்டையை மறுபடி பிடிப்பது கடினமாகிவிடுகிறது என்று டச்சு ஆய்வாளர் பியூகெமா 1970இல் குளச் சோதனைகளை வைத்தே காட்டினார். எல்லோரும் மெத்தட் ஃபீடர் வீசும் குளத்தில், தண்ணீரில் ஈயம் விழும் ஓசையும் தரையில் திடீரென முளைக்கும் பெல்லட் மேடும் மீனுக்கு எச்சரிக்கையாக மாறக்கூடும். அங்கே முள்ளிரையின் நிறத்தை மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் ஃபீடரைக் கழற்றிவிட்டு, வெறும் ஈயத்தோடு கவணால் நாலைந்து பாய்லி எறிவதே புத்திசாலித்தனம். ஓயாமல் தூண்டில் விழும் குளத்தில் இந்தக் கருவிக்கு நான் போடும் மதிப்பெண் ஒரு படி குறைவுதான்.

தரையும் இந்தக் கருவியைக் கவிழ்க்கும். கெட்டித் தரை, மணல், சரளை இதற்கு உகந்தவை. முழங்கால் ஆழச் சேற்றில் 45 கிராம் தட்டு இரையோடு புதைந்துபோகும். அங்கே எடை குறைந்த தட்டு ஓரளவு தாங்கும். பாசி அடர்ந்த தரையில் அதுவும் உதவாது. தூரமும் ஒரு எல்லை. எண்பது மீட்டருக்கு அப்பால் பெரிய இரைப்பரப்பு விரிக்க வேண்டுமென்றால், தண்ணீரில் மோதியதும் இரண்டாகப் பிளந்து இரையைக் கொட்டும் ஸ்போம்ப் போன்றவைதான் சரி. ரிமோட்டில் ஓடும் இரைப்படகுகளும் இருக்கின்றன. விலை நூற்றுக்கணக்கான பவுண்டிலிருந்து தொடங்குகிறது. கிலோ கணக்கில் கொட்டும் வசதி கையில் இருந்தால் கிலோ கணக்கில் கொட்டத்தான் தோன்றும் என்பது என் வருத்தம்.

அளவு என்றால் இந்தக் கருவியில் ஒரு வீச்சுக்கு ஒரு கைப்பிடிக்கும் குறைவு. கோடையில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுருட்டி, நிரப்பி, அதே இடத்தில் வீச வேண்டும். அதே இடம் என்பதற்கு எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்து, ரீல் ஸ்பூலின் ஓரத்திலுள்ள கிளிப்பில் நரம்பைச் சிக்க வைத்தால் தூரம் பிசகாது. பெரிய மீன் ஓடும் குளத்தில் கிளிப்பிலிருந்து நரம்பை விடுவித்துவிட்டுக் காத்திருப்பது நல்லது. இல்லையென்றால் முதல் ஓட்டத்திலேயே நரம்பு அறுந்துவிடும். தண்ணீரின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் கெண்டையின் பசி படுத்துவிடும், செரிமானமும் மந்தமாகும். அப்போது மிகச் சிறிய தட்டு, அரை மணிக்கொரு வீச்சு, எண்ணெய் குறைந்த இரை. இங்கிலாந்தின் வணிகக் குளங்கள் பலவற்றில் குளத்துக்காரர் விற்கும் பெல்லட்டை மட்டுமே போட வேண்டும் என்ற விதி இருக்கிறது. எல்லோர் கையிலும் ஒரே இரை இருக்கும் அந்தக் குளங்களிலும் போட்டி நடத்தினால் முதலிடமும் கடைசி இடமும் இருக்கத்தான் செய்கின்றன. அந்த வித்தியாசத்தை மணத்தின் கணக்கில் எழுத முடியாது.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் வேற்றூர்ச் சங்கதியும் இல்லை. 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்ட கண்ணாடிக் கெண்டை இதே சிப்ரினஸ் கார்ப்பியோதான். கட்லா, ரோகு பிடிப்பவர்கள் கம்பிச்சுருளில் புண்ணாக்கும் தவிடும் அப்பி, சுற்றிலும் முள் தொங்கவிடும் ஸ்பிரிங் தூண்டிலும் இதே யோசனையில் பிறந்தது. அதில் பல முள்; இதில் ஒற்றை முள், அதுவும் வாயின் ஓரத்தில் பதிவது. பிடித்த மீனை உயிரோடு திருப்பி விட நினைப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

வாங்குகிறவர் 30 கிராம் தட்டு இரண்டும் பொருத்தமான அச்சு ஒன்றும் எடுத்தால் தொடங்கப் போதும். அச்சும் தட்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே அளவாக இருக்கட்டும். மாறிப்போனால் மேடு அச்சுக்குள்ளேயே உடையும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். நரம்பு நடுவில் அறுந்தால், ஃபீடர் அறுந்த நரம்பிலிருந்து வழுக்கிக் கழன்றுவிட வேண்டும். கழலாமல் முடிச்சில் நிற்கும் தட்டை அறுத்துக்கொண்டு போன மீன், அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டே திரிந்து பாசியிலோ வேரிலோ சிக்கிச் சாகும். நரம்பு கடைசி வரை தடையின்றி ஓடும் வகைகள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒரு முழ நரம்பைக் கோத்து, முள் நரம்பைச் சேர்க்கும் சுழலியோடு பிடித்து இழுத்துப் பார்த்து, சிக்கினால் அந்த மாடலைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.