முதல் ஆளா ஒரு ரெய்ஸ்!

போக்கரில் உச்சகட்ட சந்தோஷம் எது? ஏஸ் ஜோடி வந்து சிப்ஸை மலையாகக் குவிப்பதா? சத்தியமா இல்லைங்க! சுமாரான சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மேசையில் முதல் ஆளாக ரெய்ஸ் பண்ணி, மிச்ச எட்டுப் பேரும் வரிசையாகச் சீட்டை விட்டெறிய, நடுவில் கிடக்கும் கட்டாயப் பந்தயமான பிளைண்டை அள்ளுவது இருக்கே, அதுதான்!

டீலர் பட்டனில் உட்கார்ந்து பிளைண்ட் திருடுவதை எல்லாரும் செய்வார்கள். அதனாலேயே யாரும் நம்ப மாட்டார்கள். பிக் பிளைண்டுக்கு அடுத்த நாற்காலி அப்படியில்லை. பின்னால் எட்டுப் பேர் இருக்கும்போது எவனாவது வெறுங்கையோடு வருவானா என்று மேசையே மிரளும். ரெய்ஸ் பண்ணுவதற்கு வேண்டியதைவிட, அந்த ரெய்ஸை எதிர்கொள்ள இன்னும் நல்ல கை வேண்டும் என்று போக்கர் எழுத்தாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி எழுதினாரே, அந்தப் புண்ணியவான் வாழ்க!

இப்போ கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. லாஸ் வேகாஸ், ராத்திரி டோர்னமென்ட், ஏசி குளிர், சுத்திலும் சிப்ஸ் உரசும் கிரிக் கிரிக் சத்தம், இன்னும் ரெண்டே பேர் வெளியேறினால் மிச்சப் பேருக்கெல்லாம் பரிசு, அதனால் ஒருத்தரும் மூச்சுகூட விடவில்லை. ஸ்மால் பிளைண்ட் 2,000, பிக் பிளைண்ட் 4,000, மேசை முழுசுக்கும் பிக் பிளைண்ட்காரரே கட்டும் ஆன்ட்டி 4,000, ஆக நடுவில் 10,000. சீட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்க்கிறேன்: ஸ்பேட் ஏஸ், ஸ்பேட் அஞ்சு! அந்த ஏஸ்தான் என் ரகசியக் கூட்டாளி, ஏன்னா ஆறு விதமாக வரக்கூடிய ஏஸ் ஜோடி, ஒரு ஏஸ் என்னிடம் மாட்டிக்கொண்டதும் மூணே விதமாகச் சுருங்கிவிடும். "ரெய்ஸ்" என்று 10,000 தள்ளினேன், பாதிக்குப் பாதி பலித்தாலே கை கடிக்காத கணக்கு, ஆனால் கணக்கெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம், நெஞ்சு தவில் வாசிக்குது, காது சுடுது, பக்கத்து ஆள் தூக்கிப் போட்டார், அடுத்தவர் போட்டார், கறுப்புக் கண்ணாடிப் பெரியவர் சீட்டை ரெண்டு தரம் பார்த்துட்டுப் போட்டார், ஸ்மால் பிளைண்டும் போயாச்சு, கடைசியாக பிக் பிளைண்ட் அம்மா என் சிப்ஸைக் கண்ணாலேயே எண்ணி, பெருமூச்சு விட்டு, தன் சீட்டைத் திருப்பிக் காட்டிட்டுப் போட்டாங்க பாருங்க, ஒன்பது ஜோடி! ஒன்பது ஜோடியைங்க! 1976, 1977 ரெண்டு வருஷமும் பத்தும் ரெண்டுமாக வைத்து உலகப் பட்டத்தை முடித்த டாய்ல் பிரன்சனே நான்தான்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன், இடைவேளையில் கழிவறைக் கண்ணாடியைப் பார்த்து முஷ்டியை வேற உயர்த்தினேன், பக்கத்தில் கை கழுவிய ஆள் மெல்ல நகர்ந்து போனார்.

எப்பவாவது எவனாவது நிஜமான ராஜா ஜோடியோடு திருப்பி ரெய்ஸ் பண்ணுவான். போகட்டும், சீட்டைப் போட்டுட்டுத் தண்ணி குடிங்க.

அள்ளிய 10,000 எவ்வளவு தெரியுமா? ரெண்டு பிளைண்டும் ஆன்ட்டியும் சேர்த்து, முழுசா ஒரு சுற்றுக்கு நான் கட்டவேண்டிய தொகை! அடுத்த கையிலேயே பிக் பிளைண்ட் என் முறை, சிரிச்சுக்கிட்டே கட்டினேன்.