தோன்றா எழுவாய்: வாழ்முறை மருத்துவமும் அதன் சான்றிதழும்

காய்கறி, கீரை, முழுதானியம் நிறையச் சேர்த்துக்கொள். தினமும் நட. நேரத்துக்குத் தூங்கு. மன இறுக்கத்தைக் குறை. புகையையும் மதுவையும் தவிர். உறவுகளைப் பேணு. ‘வாழ்முறை மருத்துவம்’ என்ற துறை தன்னுடைய ஆறு தூண்கள் என்று சொல்வதை இந்த ஆறு வாக்கியங்களுக்குள் அடக்கிவிடலாம். ஆறும் ஏவல் வாக்கியங்கள். ஆறிலும் எழுவாய் வெளியே தெரிவதில்லை. இலக்கண வகுப்பில் இதைத் தோன்றா எழுவாய் என்று நடத்துவோம். ‘நீ’ என்று வருவித்துக்கொண்டால் வாக்கியம் நிறைவு பெற்றுவிடும்.

வகுப்பறையில் இதில் சிக்கல் எதுவும் இல்லை. வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல். கீரையைத் தின்பவர் ஒருவர். அதை வாங்கி, ஆய்ந்து, அலசி, கடைந்து வைப்பவர் வேறொருவர். நேரத்துக்குத் தூங்குபவர் ஒருவர். அவர் தூங்குவதற்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறவர் வேறொருவர். மருத்துவரின் சீட்டில் உள்ள ‘நீ’ ஓர் ஆள் என்றால், அதைச் செய்து முடிக்கிற கை பெரும்பாலும் இன்னோர் ஆளுடையது. அந்த இரண்டாவது எழுவாயைப் பற்றி இந்தத் துறையின் சான்றிதழ் என்ன கேட்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் சான்றிதழின் கதை. அமெரிக்காவில் வாழ்முறை மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் மருத்துவர்களின் அமைப்பொன்று 2004இல் உருவானது. நம் ஊர்க் கல்லூரியைப் போன்றதல்ல அது, தொழில்முறைச் சங்கம். பின்னர் தனி வாரியம் அமைந்து, 2017இல் முதல் தேர்வை நடத்தியது. சான்றிதழ் பத்தாண்டுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகும் அதை வைத்திருக்க வேண்டுமானால் தொடர்கல்வி மணிகளைக் கணக்குக் காட்டி, மறுசான்று பெற வேண்டும். அந்நாட்டு மருத்துவச் சிறப்புத் துறை வாரியங்களின் பேரவையில் 24 வாரியங்கள் இருக்கின்றன. இது அவற்றில் சேராது. ஆகவே தானும் ஒரு முழுத் துறைதான் என்று நிறுவ வேண்டிய அவசரம் இதற்கு இருக்கிறது. தேர்வும் மறுசான்றும் அந்த அவசரத்தின் கருவிகள்.

அவசரத்தில் ஒன்று விட்டுப்போகிறது. உணவு, உறக்கம், உறவு என்று இந்தத் துறை தன் அறிவாக உரிமை கொண்டாடும் பலவும் வீட்டுக்குள் பெண்கள் சம்பளமில்லாமல் செய்யும் வேலைகள். இந்தியாவில் 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு கணக்குச் சொல்கிறது. ஊதியமற்ற வீட்டு வேலை செய்யும் பெண் அதில் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். அதே வேலையைச் செய்யும் ஆண் 97 நிமிடம். வாழ்முறையை மாற்றச் சொல்லும் ஒவ்வொரு சீட்டும் இந்த 299ஐ இன்னும் கொஞ்சம் நீட்டுகிறது. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் ஒரே அடுப்பில் இரண்டு குழம்பு. சீட்டு எழுதுபவர் இதைக் கணக்கில் எடுத்தாரா என்று எந்த வாரியமும் சோதிப்பதாகத் தெரியவில்லை.

ஆலோசனை அறையைக் கவனித்துப் பாருங்கள். கணவர் நோயாளி என்றால் மருத்துவர் மனைவி பக்கம் திரும்பி, “சாப்பாட்டைக் கொஞ்சம் பார்த்துக்கோங்கம்மா” என்கிறார். மனைவி நோயாளி என்றால் கணவர் பக்கம் அந்த முகம் திரும்புவதில்லை. அவளிடமே, “நீங்க உங்களைக் கொஞ்சம் கவனிச்சுக்கணும்மா” என்கிறார். முதல் வாக்கியத்தில் அவள் வேலைக்காரி, இரண்டாவதில் குற்றவாளி. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவுள்ளோர் சுமார் பத்துக் கோடி. இந்த உரையாடல் எத்தனை அறைகளில் நடக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

சோதிக்கப்படும் மருத்துவரின் பக்கமும் பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கேயும் ஒரு தோன்றா எழுவாய் உண்டு. தேர்வு எழுதும் உடல் யாருடையது? 2007இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவ மாணவி உரிமத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஒன்பது மணி நேரத் தேர்வு. இடைவேளை மொத்தம் 45 நிமிடம். கைக்குழந்தைக்காகத் தாய்ப்பாலைக் கறந்து வைக்கக் கூடுதல் நேரம் கேட்டார். தேர்வு வாரியம் மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2012இல் அவர் தரப்பு நியாயம் ஏற்கப்பட்டது. பால் சுரக்காத, மாதவிலக்கு வராத, வீட்டில் யாரும் காத்திருக்காத ஓர் உடலை மனதில் வைத்தே அந்த 45 நிமிடம் வகுக்கப்பட்டிருந்தது.

மறுசான்றின் வரலாற்றிலும் இதே ஆளைச் சந்திக்கிறோம். அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 1990 முதல் தன் சான்றிதழுக்குப் பத்தாண்டுக் கெடு வைத்தது. அதற்கு முன் பெற்றவர்களின் சான்று ஆயுளுக்கும் செல்லும் என்று விட்டுவிட்டது. இத்தகைய விலக்குக்கு ஆங்கிலத்தில் ‘தாத்தா விதி’ என்று பெயர். அந்தப் பெயரின் பிறப்பும் தெரிந்திருக்க வேண்டும். 1898இல் லூசியானா மாநிலம் வாக்காளர்களுக்கு எழுத்தறிவுச் சோதனையும் சொத்துத் தகுதியும் வைத்தது. 1867க்கு முன் தந்தையோ தாத்தாவோ வாக்குரிமை பெற்றிருந்தால் இரண்டும் வேண்டாம். கறுப்பின மக்களை வெளியே நிறுத்த வந்த ஏற்பாடு இது. இப்படிப்பட்ட விதிகள் செல்லாதென்று உச்ச நீதிமன்றம் 1915இல் தீர்ப்பளித்தது. ‘பாட்டி விதி’ ஒன்று இருந்திருக்கவே முடியாது. அந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறியதே 1920இல்தான்.

மருத்துவத்தில் அந்த விதியின் பயன் யாருக்குப் போயிருக்கும்? 1970இல் அமெரிக்க மருத்துவர்களில் பத்துக்கு ஒருவர்கூடப் பெண் இல்லை. 2019இல் அங்கே மருத்துவ மாணவர்களில் பாதிக்குமேல் பெண்கள். ஆண்கள் நிறைந்திருந்த தலைமுறைக்கு ஆயுள் சான்று. பெண்கள் திரளாக உள்ளே வந்த தலைமுறைக்குத் தேர்வு மேல் தேர்வு. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. திட்டமிடாமலே இப்படி அமைந்துவிடுவதைத்தான் கட்டமைப்பு என்கிறோம். பிள்ளைப்பேறு, வளர்ப்பு, மாமனார் மாமியாரின் முதுமை எல்லாம் வந்து விழும் ஆண்டுகளில்தான் மறுசான்றின் கெடுவும் வந்து நிற்கிறது. இந்தியாவிலும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியைச் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் அந்த மணிகளைச் சேர்க்கும் பெண் மருத்துவரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் யாருடையது?

அப்படியானால் சான்றே வேண்டாமா? வேண்டும். அளவுகோலே இல்லாத இடத்தில் பெண்களைத்தான் முதலில் ஏமாற்றுவார்கள். எடைக் குறைப்புப் பொடி, ‘நச்சு நீக்கும்’ சாறு, ஒரே மாதத்தில் சர்க்கரையை விரட்டும் பயிற்சி என்று விற்பவர்களின் வாடிக்கையாளர்களில் நம் அம்மாக்களும் தங்கைகளும் இருக்கிறார்கள். பெண்கள் மருத்துவத்துக்குள் நுழைந்ததும் தேர்வின் வழியாகத்தான். முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். குலமும் பாலும் பார்த்த சமூகத்தில் மதிப்பெண் ஒன்றே அவற்றைப் பாராமல் நின்றது. அந்தக் கதவை இழுத்து மூடச் சொல்ல நமக்கு மனம் வராது. கதவுக்குள் கேட்கப்படும் கேள்விகளை மாற்றச் சொல்லலாம்.

மாற்றத்துக்கான பாடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு படியேறி வருபவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள். எந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், எந்த அம்மா தன் மாத்திரையை மட்டும் மறக்கிறாள், எந்தத் தெருவில் பெண்கள் மாலையில் நடக்க முடியாது என்பது அவர்களுக்கு அத்துபடி. அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘தன்னார்வலர்’. ‘ஊழியர்’ என்ற சொல்லுக்கு உரிமைகள் உண்டு. ‘ஆர்வம்’ என்ற சொல்லுக்குப் பாராட்டு மட்டும். வாழ்முறை மருத்துவத்தின் பாடநூலில் பாதியை இந்தப் பெண்கள் கால்நடையாகக் கற்றிருக்கிறார்கள். அந்த அறிவுக்கு எந்த வாரியமும் சான்று தரவில்லை.

மறுசான்று கேட்டு வரும் மருத்துவரிடம் வாரியங்கள் இவற்றையும் கேட்கட்டும். நீங்கள் எழுதிய உணவுச் சீட்டை வீட்டில் நிறைவேற்றியது யார்? அதற்கு நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் கூடியது? கணவரை அழைத்து ஒருநாளாவது சமையலைப் பற்றிப் பேசினீர்களா? நடக்கச் சொன்ன பெண்ணுக்கு நடக்க இடமும் நேரமும் இருந்ததா என்று விசாரித்தீர்களா? விடை சொல்ல வேதியியல் வேண்டாம். சீட்டு எழுதும் முன் எழுவாய் யார் என்று கேட்கும் பழக்கம் போதும்.