பட்டமும் பட்டறிவும்

அன்று பிறப்பைக் கேட்டனர். இன்று பட்டத்தைக் கேட்கின்றனர். கேள்வி மாறியது நன்றே. ஆனால், "உனக்கு என்ன தெரியும்?" என்று அன்றும் கேட்டாரில்லை, இன்றும் கேட்பாரில்லை!

தோழர்களே, பட்டம் வேண்டா என்பதன்று நமது வாதம். பள்ளிப் படிக்கட்டை மிதிக்கவே தடுக்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளைக்குப் பட்டம் அணிகலனன்று, கேடயம். அதை எள்ளி நகைப்போரிற் பலர், பாட்டன் காலந்தொட்டே பட்டங்களைச் சுவரில் மாட்டிவைத்திருப்போர். நாம் கேட்பது வேறு: வறுமையால் கல்லூரியை இடையில் விட்டவர், பின்னர் உழைத்துக் கற்றதெல்லாம் கல்வியாகாதா?

குடந்தைக் கல்லூரியிலும் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறாத கணித மேதை இராமானுசன், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. விட்டுப்போன தேர்வை எழுதி முடித்ததற்காகவா? இல்லை, ஆய்வின் தகுதிக்காக. அவருக்கு ஒரு ஹார்டி வாய்த்தார். ஒரகடத்துத் தொழிலாளிக்கு வாய்ப்பவர் யார்?

திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் முதல் நாளில் நிறுத்தியது. கைப்பேசி ஆக்கத் தேர்ந்த ஆயிரக்கணக்கான கைகள் வெறுங்கைகளாயின. அக்கைகளின் தேர்ச்சியை ஒரு பருவப் படிப்பாகவேனும் மதிக்க எந்தப் பல்கலைக்கழகம் முன்வந்தது?

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒரு வழி சொல்கிறது: ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ்; ஈராண்டில் வெளியேறினால் பட்டயம். வெளியேறும் வாயிலுக்குத் தோரணம் கட்டுகிறார்கள்! மீண்டும் நுழையலாம் என்றும் விதி உரைக்கிறது. நுழையலாம், ஆனால், அன்றாடக் கூலியை இழந்து வகுப்பில் அமர்பவரின் வீட்டில் உலை எதனால் கொதிக்கும்?

பிரான்சு 2002இல் சட்டம் இயற்றி, உழைப்பாற் பெற்ற பட்டறிவை ஆய்ந்து, அதற்கே முழுப் பட்டம் வழங்க வழி செய்தது. அங்கே ஆகக்கூடியது இங்கே ஆகாதா?

ஆலைச் சங்கு ஓய்ந்தபின் நடைபெறும் மாலைக் கல்லூரி இப்பகுதிக்கு வேண்டும். எந்திரத்தின் முன் கற்றதை எடைபோடும் தேர்வு வேண்டும். அத்தேர்வில் வென்றவருக்கு அளிக்கும் தாள், கூலியை உயர்த்துவதாகவும் மேற்படிப்பின் கதவைத் திறப்பதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் செய்யாத சான்றிதழ், எத்தனை முத்திரை பதித்திருப்பினும், வெறுந்தாளே! அத்தகைய தாளைக் கொடுத்து அனுப்பப் பார்ப்போரிடம், "இதனால் எங்கள் கூலி எவ்வளவு உயரும்? எந்த வகுப்பில் இடம் கிடைக்கும்?" என்று நம் இளைஞர் கேட்கட்டும்.