விழாவுக்குப் போகாத உடை

ஒரு பள்ளிக்கூடம். எல்லோரும் போன பிறகு தையல் வகுப்பறையில் ஒரு பையன் மட்டும் தனியா உட்கார்ந்து மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கிறான். வீட்டு மெஷின் ரிப்பேர், அதனால்தான் இங்கே வந்திருக்கிறான். தைப்பது பொம்மைக்கான கிமோனோ. கதவு திறக்கிறது. வகுப்பிலேயே எல்லாருக்கும் பிடித்த பெண் உள்ளே வருகிறாள். பையனுக்கு முகம் வெளிறிப் போகிறது.

'மை டிரெஸ்-அப் டார்லிங்' என்ற அனிமேயின் முதல் பகுதியில் வரும் காட்சி இது. ஷின்இச்சி ஃபுகுடா 2018இல் 'யங் கங்கன்' இதழில் வரைய ஆரம்பித்த மாங்கா, 2025இல் முடிந்தது. க்ளோவர்வொர்க்ஸ் எடுத்த அனிமேயின் முதல் சீசன் 2022இலும் இரண்டாவது 2025இலும் வந்தன. காஸ்ப்ளே பற்றிய கதை. காஸ்ப்ளே என்றால் பிடித்த கதாபாத்திரத்தின் உடை, விக், மேக்கப் எல்லாம் போட்டு அந்தப் பாத்திரமாகவே நிற்பது. தெரிந்தவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.

நான் இதைப் பார்த்தது என் பெண்ணால். அந்தக் கதை கடைசியில்.

பையன் பெயர் கோஜோ வகானா. தாத்தா ஹினா பொம்மைகள் செய்கிறவர். மார்ச் 3ஆம் தேதி ஜப்பானில் பெண் குழந்தைகளுக்கான விழாவுக்கு நம்ம கொலு மாதிரி படி கட்டி வைக்கிறார்களே, அந்தப் பொம்மைகள். சைதாமா மாவட்டத்தில் இவாட்சுகி இதற்குப் பேர் போன ஊர். கோஜோவுக்குப் பொம்மைத் தலை செய்யும் கலைஞனாக வேண்டும் என்று ஆசை. சின்ன வயசில் ஒரு தோழி, "ஆம்பளப் பையன் பொம்மைய வச்சிக்கிட்டு... அசிங்கமா இல்ல?" என்ற அர்த்தத்தில் சொன்ன ஒரு வார்த்தை அவனைப் பத்து வருஷம் வாயடைக்க வைத்துவிட்டது. வகுப்பில் யாரிடமும் பேசுவதில்லை.

உள்ளே வந்த பெண் கிடகாவா மரின். அவள் சிரிக்கவில்லை. தையலைப் பார்க்கிறாள், பிரமிக்கிறாள். "எனக்கு ஒரு டிரெஸ் தச்சுத் தர முடியுமா?" என்று கேட்கிறாள். அவளுக்கு ஒரு கேமில் வரும் ஷிஸுகு என்ற பாத்திரமாக காஸ்ப்ளே செய்ய வேண்டும். அந்த கேம் பெரியவர்களுக்கானது. அதைப் பற்றி அவளுக்குத் துளிகூடக் கூச்சம் இல்லை.

இதை விரும்பியவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பிடிச்சத பிடிச்சதுன்னு சொல்ல தைரியம் குடுக்குற கதை." எனக்கும் அந்த அளவில் சம்மதம். பிடித்தவற்றைக் கேலி செய்கிறவர்களை மரின் மூஞ்சிக்கு நேராகவே கேட்டுவிடுகிறாள். ஆனால் இரண்டு சீசனையும் முழுசாகப் பார்த்த பிறகு எனக்கு ஒரு சின்ன முள் குத்திக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

முதல் பகுதியிலேயே இன்னொரு உடை வருகிறது, ஞாபகம் இருக்கிறதா? மரின் தானே தைத்த ஷிஸுகு உடை. கோணல் மாணலாக இருக்கும். பார்த்ததும் கோஜோ, அவ்வளவு கூச்ச சுபாவம் உள்ளவன், தன்னை மறந்து குறைகளை வரிசையாக அடுக்கிவிடுவான். மரினுக்குக் கோபம் வராது. நல்ல காட்சி. இரண்டு பேரையும் ஒரே நிமிஷத்தில் நமக்குக் காட்டிவிடுகிறது.

அதற்குப் பிறகு அந்த உடை எங்கே போச்சு? விழாவுக்குப் போவது கோஜோ தைத்த உடை. மரினின் உடை கதையிலிருந்து காணாமல் போகிறது. அது ஏன் எனக்கு உறுத்துகிறது என்று யோசித்தபோது முழுக் கதையின் கணக்கும் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

கோஜோவை ஏற்றுக்கொள்கிறவர்களைப் பாருங்கள். மரின் அவன் தையலைப் பார்த்துவிட்டு ஏற்கிறாள். சஜுனா என்ற இன்னொரு காஸ்ப்ளேயர், மரினின் படத்தைப் பார்த்துவிட்டு, இதைத் தைத்தது யார் என்று தேடிக்கொண்டு வருகிறாள். இரண்டாவது சீசனில் பள்ளி விழா. மரினை ஆண் வேடத்தில் நிறுத்த கோஜோ உடை தைக்கிறான். அது வரைக்கும் ஓரமாக உட்கார்ந்திருந்தவனை வகுப்பே கொண்டாடுகிறது. எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒவ்வொரு தடவையும் வழி ஒன்றேதான்: முதலில் திறமை, பிறகு ஏற்பு. கோஜோவுக்கு சுமாராகத்தான் தைக்க வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கதவைத் திறந்துகொண்டு மரின் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மரினுக்கும் அப்படித்தான். அவள் மாடலிங் செய்கிற அழகி. அவள் பெரியவர்களுக்கான கேம் பற்றிப் பேசினால் 'வெளிப்படையான பொண்ணு' என்பார்கள். அதையே சுமாரான முகம் உள்ள ஒருத்தி பேசினால் வகுப்பில் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? போதாக்குறைக்கு, அளவெடுக்கும் காட்சியில் கேமரா அவள் உடம்பின் மேல் அலையும் விதம். மரியாதையைப் பற்றிப் பேசுகிற கதை தன் நாயகியிடம் அதே மரியாதையைக் காட்டத் தவறுகிற இடம் அது.

கதைக்கு இந்தப் பிரச்சினை தெரியாமலும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது சஜுனாவின் தங்கை ஷின்ஜுவின் பகுதி. உயரமான பெண். தன் உடம்பைப் பற்றியே கூச்சம். அக்கா மாதிரி காஸ்ப்ளே செய்ய ஆசை, அதுவும் ஒரு ஆண் பாத்திரமாக. "என் உடம்புக்கு அது சரியா வராது" என்று தானே முடிவு கட்டி வைத்திருக்கிறாள். கோஜோ அவளுக்கு உதவுகிறான். இரண்டாவது சீசனில் அமானே என்று ஒருவன் வருகிறான். பெண் வேடம் போடுகிற ஆண். அவன் காதலிக்கு அது அருவருப்பு. அவன் வேடத்தை விடவில்லை, காதல்தான் முறிந்தது. இதை எந்த அழுகையும் இல்லாமல் அவன் சொல்கிற விதம் அருமை. இந்த இரண்டு இடத்திலும் கதை தன் சொந்தச் சூத்திரத்தைக் கொஞ்சம் மீறுகிறது. ஆனாலும் பாருங்கள், வேடம் போட்டதும் ரெண்டு பேருமே அச்சு அசலாக அந்தப் பாத்திரம் மாதிரியே இருக்கிறார்கள்! சுமாராக இருக்க இந்தக் கதையில் யாருக்கும் அனுமதி இல்லை.

சரி, நிஜத்தில் இது எப்படி ஆரம்பித்தது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். (தோண்டாமல் இருந்தால் இது என் வலைப்பதிவே இல்லை!)

'காஸ்ப்ளே' என்ற சொல்லை உருவாக்கியவர் நொபுயுகி தகஹாஷி. 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் போய் அங்கே வேடங்களைப் பார்த்து வியந்து இந்தச் சொல்லை உருவாக்கினார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். ஆனால் 1983லேயே 'மை அனிமே' இதழில் அவர் இதைப் பயன்படுத்திவிட்டார். அழகான கதை, தேதிதான் ஒத்துவரவில்லை.

சொல்லுக்கு முன்பே செயல் இருந்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு. சுமார் 200 பேர் வந்த கூட்டம். அதில் ஃபாரஸ்ட் அக்கர்மேனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடை போட்டுக்கொண்டு வந்தார்கள். 1936இல் வந்த 'திங்ஸ் டு கம்' படத்தின் பாதிப்பு. அடுத்த வருஷம் சிகாகோவில் வேடப் போட்டியே நடந்தது. அக்கர்மேன் ரொம்பப் பிரபலம், காஸ்ப்ளேயின் தொடக்கம் என்றாலே அவர் பெயர்தான் நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆனால் இரண்டு உடையையும் தைத்தது மிர்ட்டில் டக்ளஸ். ரசிகர் வட்டத்தில் 'மொரோஜோ' என்ற எஸ்பெராண்டோப் பெயரால் அறியப்பட்டவர். ரசிகர் இதழ்கள் நடத்தியவர். 1964இல் இறந்தார். தைத்தவரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததே ரொம்பத் தாமதமாகத்தான். இந்த வகையில் தைக்கிறவனையே நாயகனாக வைத்ததற்கு ஃபுகுடாவுக்கு ஒரு பெரிய கும்பிடு.

அந்த 1939 உடை எவ்வளவு கச்சிதமாக இருந்தது என்று மதிப்பெண் போட அன்று அங்கே யாரும் இல்லை. ஒப்பிட வேறு உடையே இல்லையே! இன்றைக்கு அளவுகோல் வந்துவிட்டது. அளவுகோல் இருப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. '501வது லெஜியன்' என்ற ஸ்டார் வார்ஸ் ரசிகர் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கியது. வில்லன் பக்கத்து உடைகள் போட்டு, நன்கொடை திரட்டும் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் போகிறவர்கள். அதில் சேர உங்கள் உடை தரத்தில் தேற வேண்டும். ஹெல்மெட் எப்படி, பெல்ட் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த விதி உண்டு. கடுமைதான். ஆனால் என் தொழிலில் கோட் ரிவ்யூ பண்ணிப் பழகியவனாகச் சொல்கிறேன், எழுதிவைத்த விதி எவ்வளவோ மேல். எது குறை என்று தெரியும். சரிசெய்து மறுபடி கொடுக்கலாம். எழுதாத விதி அப்படி இல்லை. 'இவ முகத்துக்கு இந்த கேரக்டரா', 'இந்த உடம்புக்கு இது தேவையா' என்று படத்துக்குக் கீழே வந்து விழும் வார்த்தைகளைச் சரிசெய்துகொண்டு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

ஜப்பானில் காமிக் மார்க்கெட் மாதிரி பெரிய விழாக்களில் வீட்டிலிருந்தே வேடத்தோடு வரக்கூடாது, அங்கே உடை மாற்றும் அறையில்தான் மாற்றிக்கொள்ள வேண்டும், படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும் என்றெல்லாம் விதி உண்டு. நியூயார்க் காமிக் கானில் 2014இல், வேடம் போட்டிருப்பது தொடுவதற்கான சம்மதம் ஆகாது என்று பெரிதாகப் பலகையே வைத்தார்கள். இவையெல்லாம் உடை எப்படித் தைத்திருக்கிறது என்று பார்க்காத விதிகள். கோணல் உடைக்காரருக்கும் அதே பாதுகாப்பு. ஏற்பு என்று நான் நினைப்பது இதற்குப் பக்கத்தில் எங்கேயோதான் இருக்கிறது.

இப்போது என் பெண் கதை.

பதினோராம் வகுப்பு. சென்னையில் நடந்த ஒரு விழாவுக்கு காஸ்ப்ளே செய்து போக வேண்டும் என்றாள். பாத்திரத்தின் பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. நான் லேப்டாப்பிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "இதெல்லாம் எதுக்கும்மா? பாக்குறவங்க சிரிக்கப் போறாங்க" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி இந்த அனிமேயை மட்டும் போட்டுவிட்டு, "முதல் எபிசோட் பாருப்பா" என்று போய்விட்டாள்.

என் அம்மா தையல்காரர். பத்து வயசிலேயே எனக்கு பாபின் சுற்ற, காஜா எடுக்க, ஓரம் அடிக்க எல்லாம் தெரியும். எட்டாவது படிக்கும்போது வகுப்பில் யாரோ ஒருத்தன், "டேய், ஜாக்கெட்டு தைக்கிறியாமே" என்றான். அன்றோடு மெஷினைத் தொடுவதை விட்டேன். பி.ஈ. நாலு வருஷமும் ஹாஸ்டலில் யாருக்கும் தெரியாது. என் மனைவிக்கே கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். கோஜோவின் முகம் வெளிறியபோது எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. அதைவிட மோசம், அந்தச் சின்ன வயசுத் தோழி சொன்ன வார்த்தையை அன்று சாயங்காலம்தான் நான் என் வாயாலேயே சொல்லியிருந்தேன்.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவின் மெஷினைப் பரணிலிருந்து இறக்கி எண்ணெய் போட்டேன். அவள் ஏற்கெனவே பாதி தைத்து வைத்திருந்த கோட்டை எடுத்து வந்து காட்டினாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. காலர் நிற்கவில்லை. லைனிங் வெளியே எட்டிப் பார்க்கிறது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கொண்டா, எல்லாத்தையும் பிரிச்சுடலாம். ரெண்டே நாள்ல சூப்பரா தச்சுத் தரேன்" என்றேன்.

"வேணாம்ப்பா, இது நான் தச்சது" என்றாள்.

காலருக்குள் கேன்வாஸ் வைப்பது எப்படி என்று மட்டும் சொல்லிக் கொடுக்கச் சொன்னாள். சொல்லிக் கொடுத்தேன். கையின் நீளத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்த ஒன்றுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதே கோட்டோடு போனாள். நானும் பை தூக்கிக்கொண்டு கூடவே போனேன். கச்சிதமான உடையில் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மத்தியானம் வரைக்கும் இவளை யாரும் படம் எடுக்கக் கேட்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, சும்மா அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தேன். அப்புறம் அதே பாத்திரத்தின் வேடத்தில் ஒரு பெண் தூரத்திலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் உடை பிரமாதம். இவள் உடையை மேலும் கீழும் பார்த்தாள். எனக்கு மூச்சு நின்றது. "நீங்களே தச்சதா?" என்று கேட்டாள். இவள் ஆமாம் என்றதும், தன் கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே முழுக்க ஊக்கும் பசையும். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மரினின் முதல் உடை எங்கே போச்சு என்ற கேள்வியை நான் விடுவதாக இல்லை. படம் வரையத் தெரிந்த யாராவது அந்த உடையோடு அவள் விழாவுக்குப் போவதாக ஒரு கதை வரையுங்களேன். முதல் ஆளாக நான் படிக்கிறேன்.